மறக்கத் தெரிந்த கப்பல்

விண்வெளிக் கேப்டன்களில் யாருக்காவது சிலை வைப்பதென்றால் என் ஓட்டு கேத்ரின் ஜேன்வேக்குத்தான். மற்ற கேப்டன்கள் எதிரிகளை ஜெயித்தார்கள். ஜேன்வேயின் கப்பல் காரணகாரியத்தையே ஜெயித்தது. ‘ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்’ 1995 ஜனவரியில் தொடங்கி 2001 மே வரை ஏழு சீசன் ஓடியது. எத்தனையோ அடி, எத்தனையோ சாவு பார்த்த அந்தக் கப்பல், அடுத்த வாரம் திரைக்கு வரும்போது அன்றைக்குத்தான் பூஜை போட்டு ஷோரூமிலிருந்து இறக்கிய வண்டி மாதிரி பளபளவென்று நிற்கும். பழசை இப்படி மறக்கத் தெரிந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஒரு தொடருக்கே அந்த வரம் வாய்த்திருக்கிறது. அதை எழுதியவர்களை வாழ்த்தாமல் எப்படி இருப்பது?

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மாக்கி என்ற கிளர்ச்சிக்காரர்களைப் பிடிக்கப் போகிறது வாயேஜர். வழியில் ஒரு அந்நிய சக்தி, துரத்திய கப்பல், துரத்தப்பட்ட கப்பல் இரண்டையும் பால்வெளியின் மறுகோடிக்கு இழுத்துப் போட்டுவிடுகிறது. வீடு 70,000 ஒளியாண்டு தொலைவில். முழு வேகத்தில் போனாலும் 75 வருடம் ஆகும். கிளர்ச்சிக்காரர்களின் கப்பல் சண்டையில் அழிந்துபோக, போலீஸும் குற்றவாளியும் ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டிய நிலை. ரிப்பேருக்குத் துறைமுகம் கிடையாது. கூப்பிட்டால் வர ஆள் கிடையாது. ரிக் பெர்மன், மைக்கேல் பில்லர், ஜெரி டெய்லர் மூவரும் சேர்ந்து யோசித்த இந்தக் கருவைவிட நல்ல கரு அறிவியல் புனைகதைத் தொடர்களில் அதிகம் கிடையாது. இதை முழு மனதோடு சொல்கிறேன். இவ்வளவு நல்ல கருவைப் பயன்படுத்தித் தேய்த்துவிடாமல் ஏழு வருடம் பத்திரமாக உறைக்குள்ளேயே வைத்திருந்தார்களே, அந்தப் பொறுப்புணர்வு யாருக்கு வரும்?

முதல் கதையிலேயே தொடங்குகிறது அந்தப் பொறுப்பு. அந்த அந்நிய சக்தி அவர்களை இழுத்துப் போடப் பயன்படுத்திய அதே நிலையம் திருப்பி அனுப்பவும் வல்லது. ஆனால் அது காஸான் என்ற முரட்டு இனத்தின் கையில் சிக்கினால் ஒகாம்பா என்ற அப்பாவி இனம் அழியும். ஜேன்வே நிலையத்தைத் தகர்க்கிறார். வீட்டுக்கான வழியும் அதோடு போகிறது. டைமர் வைத்த குண்டை அங்கே விட்டுவிட்டு எல்லோரும் ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாமே என்று 30 வருடமாக ரசிகர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நிலையத்தை இயக்கவே பல மணி நேரம் ஆகும் என்று பாதுகாப்பு அதிகாரி டூவாக் சொல்கிறார், வெளியே காஸான்கள் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனவே பதிலே இல்லாத கேள்வி இல்லை இது. எனக்கு வியப்பு வேறு இடத்தில். சுமார் 150 பேரின் வாழ்க்கையை ஒரே உத்தரவில் திருப்பிப்போட்ட கேப்டனை, அந்தக் கப்பலில் யாரும் சட்டையைப் பிடித்துக் கேட்கவில்லை. எல்லோருக்குமாக முடிவெடுக்க இவர் யார் என்று மாக்கிகளில் ஒருவரான பெலானா டோரஸ் மட்டும் ஒரு வாய் கேட்டார். அவர்தான் கேப்டன் என்று மாக்கிகளின் தலைவர் சகோட்டே ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டார். அந்தக் கதை முடிவதற்குள் நேற்றுவரை கிளர்ச்சி செய்தவர்கள் இஸ்திரி கலையாத, வாயேஜரின் படையான ஸ்டார்ஃப்ளீட்டின் சீருடையில் அணிவகுத்து நிற்கிறார்கள். அவரவர் அளவுக்குச் சீருடை தயாராக இருந்தது மட்டுமல்ல, மனசும் தயாராக இருந்தது.

ஐந்தாவது சீசனில் ‘நைட்’ என்ற எபிசோடில் ஜேன்வேயின் மனசாட்சி ஒருமுறை விழித்துக்கொள்ளத்தான் செய்தது. நட்சத்திரமே இல்லாத வெளியில் கப்பல் போகிறது. தன் முடிவால் இத்தனை பேர் அநாதையானார்களே என்று அவர் அறைக்குள் அடைந்து கிடக்கிறார். ஜேன்வேயாக நடித்த கேட் முல்க்ரூவின் குரலில் அந்தக் களைப்பு அப்படியே இறங்கியிருக்கும். உலகத்தில் மன அழுத்தத்துக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர்கள் எல்லாம் அந்த எபிசோடைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முக்கால் மணி நேரத்துக்குள் பூரண குணம். மறுவாரம் தழும்புகூட இல்லை.

இரண்டாவது சீசனின் முதல் எபிசோடில் இன்னொரு அதிசயம். வழியில் ஒரு கிரகம், அங்கே மனிதர்கள் வாழும் அழகான நகரங்கள். விரும்புகிறவர்கள் இறங்கிக்கொள்ளலாம் என்கிறார் ஜேன்வே. எத்தனை பேர் போகிறார்களோ என்ற பயத்தோடு அவரும் சகோட்டேயும் சரக்கு அறைக்குப் போகிறார்கள். அங்கே ஒருவர்கூட இல்லை. 75 வருடப் பயணம் முன்னால் இருக்கும்போது, களைத்தவர், காதலித்தவர், பயந்தவர் என்று ஒரே ஒரு ஆள்கூட அந்தக் கப்பலில் இல்லை. அந்த நகரங்களையும் நமக்குக் காட்டவில்லை; அழகாக இருந்தன என்று கேப்டனின் குறிப்பில் கேட்டுக்கொண்டோம். பார்த்துவிட்டால் நாமாவது இறங்கிக்கொள்ள நினைத்திருப்போமோ என்னவோ.

மாக்கிகளின் கலகம் வரவே இல்லையா என்றால், வந்தது. 1997இல் ‘வொர்ஸ்ட் கேஸ் சினாரியோ’ என்ற எபிசோடில். டூவாக் தன் பாதுகாப்பு வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பத்தில் எழுதி, பாதியில் விட்ட, ஹோலோடெக் என்ற மாய உலக அறையில் ஓடும் ஒரு நிகழ்ச்சி அது. சகோட்டே தலைமையில் மாக்கிகள் கப்பலைக் கைப்பற்றுவதாகக் கதை. யாரோ எழுதிய நாவல் என்று நினைத்து பெலானா அதைக் கண்டெடுக்கிறார். கப்பலே அதற்கு அடிமையாகிவிடுகிறது. எல்லோரும் ஆளுக்கொரு முறை போய் விளையாடுகிறார்கள். கதை பாதியில் நிற்கிறதே, மிச்சம் எங்கே, யார் எழுதியது, சீக்கிரம் முடியுங்கள் என்று அடித்துக்கொள்கிறார்கள். தொடரின் கருவில் இருந்த கதை எவ்வளவு சுவையானது என்பது அந்தக் கப்பலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அதைப் பார்ப்பதற்கு அவர்களுக்கு ஹோலோடெக் இருந்தது. நமக்கு அதுவும் இல்லை.

கப்பலின் கையிருப்பு விஷயத்துக்கு வருவோம். முதல் சீசனில் ‘த கிளவுட்’ என்று ஒரு எபிசோட். ஆற்றல் பற்றாக்குறை. ஆற்றலைப் பொருளாக்கும் ரெப்ளிகேட்டரில் எடுக்கும் சாப்பாட்டுக்கு ரேஷன். ஜேன்வே தன் காபியைத் தியாகம் செய்கிறார். ஒரு நெபுலாவில் ஆற்றல் கிடைக்கும் என்று தெரிந்ததும் அதற்குள் காபியே மணப்பது போல அவர் முகம் மலர்கிறது. அருமையான காட்சி. அதே எபிசோடில்தான் கப்பலில் 38 டார்பிடோ இருக்கிறது, தீர்ந்தால் வேறு கிடைக்காது என்ற கணக்கும் வருகிறது. அதே எபிசோடில்தான் கப்பலை ஓட்டும் டாம் பாரிஸ் ஹோலோடெக்கில் ஒரு பிரெஞ்சு மதுக்கடையைக் கட்டி எல்லோரையும் அழைத்துப் போகிறார். காபிக்கு இல்லாத கரண்ட் கடைக்கு எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது. ஹோலோடெக்கின் மின்சாரம் வேறு, கப்பலின் மின்சாரம் வேறு, ஒன்றோடொன்று ஒட்டாது என்று முன்பே சொல்லி வைத்துவிட்டார்கள். ஆறாவது சீசனில் ஒரு முழு ஐரிஷ் கிராமமே இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது.

38 டார்பிடோ என்ற அந்த எண்ணைத்தான் ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு எபிசோடாக உட்கார்ந்து எண்ணினார்கள். 38ஐத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது கணக்கு. ஷட்டில் என்ற சிறு கலங்களுக்கும் அதே அருள். வாரம் ஒன்று வெடிக்கும், இடிக்கும், கிரகத்தில் விழும். கிடங்கு மட்டும் குறையவில்லை. ஐந்தாவது சீசனில் ‘டெல்டா ஃப்ளையர்’ என்று புதிதாக ஒன்றைக் கட்டினார்கள். அது போனதும் அதே பெயரில் இன்னொன்று. சங்க காலத்தில் தொண்டைமானின் ஆயுதச்சாலையைப் பார்த்த ஔவை இந்தக் கப்பலையும் பார்த்திருந்தால் இன்னொரு பாட்டு கிடைத்திருக்கும் நமக்கு.

இந்தப் பெருமையை உணராத ஒருவர் எழுத்தாளர்களுக்குள்ளேயே இருந்தார். ரொனால்ட் டி. மூர். முந்தைய ஸ்டார் ட்ரெக் தொடர்களான ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’, ‘டீப் ஸ்பேஸ் நைன்’ இரண்டிலும் எழுதிவிட்டு 1999இல் வாயேஜருக்கு வந்தார். வந்த வேகத்திலேயே வெளியேறினார். இத்தனை கஷ்டப்படும் கப்பல் இவ்வளவு சுத்தமாக இருப்பது எப்படி என்ற கேள்வியை அவரால் விட முடியவில்லை. 2003இல் ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வை மறுபடி எழுதியபோது, உயிரோடு மிஞ்சிய மனிதர்கள் எத்தனை பேர் என்ற எண்ணைத் தொடக்கக் காட்சியிலேயே வாராவாரம் போட்டுக் காட்டினார். ஒருவர் செத்தால் ஒன்று குறையும். பார்க்கிறவர் வயிற்றில் புளியைக் கரைக்கும். வாயேஜர் நமக்கு அந்தத் தொந்தரவைக் கொடுத்ததே இல்லை.

1996 ஜனவரியில் வந்த ‘த்ரெஷோல்ட்’ எபிசோடைச் சொல்லாமல் போனால் பாவம் வந்து சேரும். எல்லையில்லாத வேகமான வார்ப் 10ஐ டாம் பாரிஸ் தொட்டுவிடுகிறார். திரும்பி வந்தவருக்கு உடம்பு மாறுகிறது. முடி கொட்டுகிறது, நாக்கு கழன்று விழுகிறது. ஜேன்வேயையும் தூக்கிக்கொண்டு மறுபடி பறக்கிறார். கண்டுபிடிக்கும்போது இருவரும் ஒரு சதுப்பு நிலத்தில் பல்லி மாதிரியான ஜந்துக்களாக, மூன்று குட்டிகளோடு கிடக்கிறார்கள். கப்பலின் டாக்டர் இருவரையும் மனிதர்களாக்கிவிடுகிறார். குட்டிகளை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள். இதன் ஒப்பனைக்கு எம்மி விருது கிடைத்தது, அது நியாயமான விருதும்கூட. ஆனால் இதைவிடப் பெரிய விருது கொடுத்திருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வார்ப் 10இல் போனால் ஒரு கணத்தில் வீடு. போனவர் பல்லியாவார். பல்லியை மனிதனாக்கும் மருந்து டாக்டரிடம் இருக்கிறது. அடுத்த ஐந்து சீசனிலும் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்த ஆள் அந்தக் கப்பலில் ஒருவர்கூட இல்லை. 75 வருடமா, ஒரு வாரம் பல்லியா என்று வாக்கெடுப்பு வைத்திருந்தால் என் ஓட்டு எதற்கென்று எனக்குத் தெரியும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அதே 1996 மே மாதம் வந்த ‘டூவிக்ஸ்’ அப்படியில்லை.

டூவாக்கும் சமையல்காரர் நீலிக்ஸும் ஒரு கிரகத்தில் பூச்செடி பறித்துக்கொண்டு ஆளைக் கரைத்து வேறிடத்தில் சேர்க்கும் டிரான்ஸ்போர்ட்டரில் திரும்பும்போது, இருவரும் கலந்து ஒரே ஆளாக வந்து நிற்கிறார்கள். அவர்தான் டூவிக்ஸ். டூவாக்கின் கூர்மை இருக்கிறது, நீலிக்ஸின் அன்பும் இருக்கிறது. இருவரையும்விட நன்றாகச் சமைக்கிறார், நன்றாக வேலை பார்க்கிறார், எல்லோருக்கும் பிடித்துப்போகிறது. நாட்கள் போகின்றன. பிறகு டாக்டர் பிரிக்கும் வழியைக் கண்டுபிடிக்கிறார். டூவிக்ஸ், நான் சாக விரும்பவில்லை என்கிறார். ஜேன்வே பிரித்தே தீர வேண்டும் என்கிறார். கட்டளை மேடையில் இருந்த ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து அவர் கெஞ்சுகிறார். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பாதுகாப்பு வீரர்கள் இரண்டு பக்கமும் நடந்து வர, மருத்துவ அறைக்குக் கொண்டுபோகிறார்கள். சம்மதம் இல்லாமல் ஓர் உயிரை எடுக்க மாட்டேன் என்று டாக்டர் கையை எடுத்துக்கொள்கிறார். ஜேன்வே தானே கருவியை வாங்கிக்கொள்கிறார். டூவிக்ஸ் போய்விடுகிறார். டூவாக்கும் நீலிக்ஸும் நிற்கிறார்கள். ஜேன்வே வெளியே வந்து நடைபாதையில் நடக்கிறார். அந்த முகத்தில் முல்க்ரூ வைத்திருப்பதை எந்த வசனமும் சொல்லியிருக்காது.

அவர் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால், இல்லை என்பேன். பேசுகிற, பயப்படுகிற, உயிர்ப்பிச்சை கேட்கிற ஒருவரைக் கொன்றார். இரண்டு பேரைக் காப்பாற்ற வேறு வழி என்ன என்று எதிர்வாதம் செய்கிறவர்களிடமும் நியாயம் இருக்கிறது. டூவாக்குக்கு மனைவி மக்கள் உண்டு, அவர்கள் 70,000 ஒளியாண்டுக்கு அப்பால் காத்திருக்கிறார்கள். இந்த இரண்டு பக்கமும் இவ்வளவு கனமாக இருக்கும்படி ஒரு கதையை எழுத முடிந்ததே, அங்கேதான் இந்தத் தொடரை நான் மெய்யாகவே கையெடுத்துக் கும்பிடுகிறேன். அடுத்த வாரம் யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மிச்சமிருந்த ஐந்து சீசனில் ஒருமுறைகூட இல்லை. கேப்டனோடு டாக்டர் முகம் கொடுத்துப் பேசத் தயங்கவில்லை. நீலிக்ஸ் ஒருநாள்கூட உப்பு போட மறக்கவில்லை. தன் உயிருக்கு விலையாகப் போனவரைப் பற்றி டூவாக், அந்த தர்க்க சிரோமணி, ஒரு கேள்வி கேட்கவில்லை. கடைசியில் 27 வருடம் கழித்து, 2023இல் ‘லோயர் டெக்ஸ்’ என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் கார்ட்டூன் நகைச்சுவைத் தொடர்தான் டூவிக்ஸைப் பற்றிப் பேசியது. வீட்டில் நடந்த சாவுக்கு அழ ஆளில்லாமல், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து பேசிய கதை இது.

1997 நவம்பரில் ‘இயர் ஆஃப் ஹெல்’ இரண்டு பாகமாக வந்தது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இவ்வளவு நல்ல வாயேஜரை நாம் வேறெங்கும் பார்க்கவில்லை. க்ரெனிம் என்ற இனத்தின் தாக்குதலில் கப்பல் தளம் தளமாகச் சிதைகிறது. டூவாக் பார்வை இழக்கிறார். ஆட்கள் பாதிக்கு மேல் போய்விடுகிறார்கள். ஜேன்வேயின் பிறந்தநாளுக்கு சகோட்டே ஒரு பழங்காலப் பாக்கெட் கடிகாரத்தின் நகலைக் கொடுக்கிறார். அவர் அதை வாங்க மறுக்கிறார். ரெப்ளிகேட்டரில் திருப்பிப் போடு, ஒரு வேளைச் சாப்பாடு ஆகும், ஒரு ஜோடி பூட்ஸ் ஆகும் என்கிறார். ஒரு கடிகாரத்துக்குள் எத்தனை பேர் உயிர் இருக்கிறது என்று கணக்குப் பார்க்கும் அந்தக் கேப்டனைத்தான் முதல் நாளிலிருந்து நான் எதிர்பார்த்தேன். தொடரின் எழுத்தாளர் பிரானன் பிராகா இதை ஒரு முழு சீசனாக எழுத ஆசைப்பட்டார், மேலிடம் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் பாகத்தின் முடிவில் ஜேன்வே உடைந்த கப்பலை காலத்தையே மாற்றும் எதிரியின் கப்பல்மேல் மோதுகிறார். காலம் திரும்புகிறது. எதுவும் நடக்கவில்லை. யாருக்கும் ஞாபகமில்லை. இந்த முறை மறதிக்கு விஞ்ஞான விளக்கமே கிடைத்துவிட்டது.

அதற்குச் சில மாதம் முன்புதான், மூன்றாவது சீசனில், எதிர்காலத்தில் இருந்து பின்னோக்கி வந்த கெஸ் என்ற சக பயணி, க்ரெனிம்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு எச்சரித்திருந்தாள். க்ரெனிம்கள் வந்தபோது கெஸ் கப்பலில் இல்லை. அவளோடு அவள் சொன்ன பேச்சும் இறங்கிப் போய்விட்டிருந்தது.

ஹாரி கிம்மின் பொறுமைக்கும் ஒரு மாலை போட வேண்டும். கப்பலில் ஏறும்போது என்சைன், கடைநிலை அதிகாரி. இரண்டாவது சீசனில் கப்பல் இரட்டையாகப் பிரிந்தபோது இவர் விண்வெளியில் இழுபட்டுச் செத்தே போனார். இன்னொரு கப்பலின் ஹாரி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். செத்தவருக்கு அஞ்சலி இல்லை, வந்தவருக்குப் பதவி உயர்வும் இல்லை. டாம் பாரிஸ் உத்தரவை மீறி, பதவி இறக்கப்பட்டு, சிறையில் இருந்து, பிறகு அதே பதவியைத் திரும்பவும் பெற்றார். தப்பு செய்திருந்தால் ஹாரிக்கும் வழி பிறந்திருக்கும்.

கடைசிக் கதை ‘எண்ட்கேம்’. 26 வருடம் கழித்து, வயதான அட்மிரல் ஜேன்வே காலத்தில் பின்னோக்கி வந்து கப்பலைச் சீக்கிரம் வீடு சேர்க்கிறார். வழியில் சாகப்போகிறவர்களை, முக்கியமாகச் சக பயணி செவன் ஆஃப் நைனை, காப்பாற்ற வேண்டும். முதல் சீசனிலிருந்து கப்பலில் இருந்த ஜோ கேரி சில எபிசோடுகளுக்கு முன்னால்தான் செத்திருந்தார். அட்மிரல் அதற்குப் பிறகுதான் வந்து இறங்குகிறார். போர்க் என்ற எதிரி இனத்தின் பாதை இருக்கும் நெபுலா அப்போதுதான் எட்டும் தூரத்தில் வருகிறது என்று காரணம் உண்டு. காலத்தையே உடைக்கத் துணிந்த ஒருவர் கேரியின் பெயரை ஒருமுறை சொல்லியிருந்தால் அந்தக் காரணத்தை நானும் ஏற்றுக்கொண்டிருப்பேன்.

வாயேஜர் பூமியைப் பார்க்கிறது. தொடர் முடிகிறது. ஏழு வருடம் வீடு வீடு என்று சொன்னவர்களில் ஒருவர்கூடத் தரையில் கால் வைப்பதை நாம் பார்க்கவில்லை. டூவாக்கின் மனைவியைப் பார்க்கவில்லை. சட்டப்படி தேடப்பட்ட மாக்கிகள் என்ன ஆனார்கள் என்றும் தெரியாது. ஆனால் வீடு திரும்பிய கொண்டாட்டத்தை அவர்கள் காட்டாமல் விடவும் இல்லை. அதே கதையின் ஆரம்பத்தில் வாணவேடிக்கையோடு காட்டினார்கள்; கப்பல் திரும்பி வந்ததன் பத்தாவது ஆண்டு விழா. பழைய சகாக்கள் கூடி விருந்து சாப்பிடுகிறார்கள். அங்கே ஹாரி கிம் தனக்கென்று ஒரு கப்பல் வைத்திருக்கும் கேப்டன். அந்த எதிர்காலத்தைத்தான் அட்மிரல் ஜேன்வே அழித்தார். விருந்தும் வாணவேடிக்கையும் நடக்காமல் போயின, ஹாரியின் பதவியும் சேர்ந்து போனது. பூமி திரையில் தெரிந்தபோது அவர் இன்னும் என்சைன்தான்.